பம்பாயைச் சீராகக் கொண்டுவந்த இளவரசி

லண்டன் வாட்டர்லூவில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போர்ட்ஸ்மவுத். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பழைய போர்க்கப்பல்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது ராயல் கேரிசன் சர்ச்சைப் பார்க்க.

13ஆம் நூற்றாண்டில் யாத்ரிகர்களுக்கான சத்திரமாகத் தொடங்கிய இடம் அது. 1941 ஜனவரி குண்டுவீச்சில் நடுக்கூடத்தின் கூரை போய்விட்டது. பலிபீடப் பகுதி மட்டும் தப்பித்தது. தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்தால் நேரே வானம். அன்று தூறல் வேறு. இந்த வளாகத்தில் முன்பு ஆளுநர் மாளிகையும் இருந்தது. 1662 மே 21 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்கும் கல்யாணம் நடந்தது இங்கேதான். கத்தோலிக்க முறையில் அறைக்குள் ரகசியமாக ஒன்று, அப்புறம் ஊரறிய ஆங்கிலிக்கன் முறையில் இன்னொன்று. பெண் வந்து இறங்கி ஒரு வாரம் கழித்துத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்!

ஆனால் வந்த சீர் சாதாரணமானதல்ல. 20 லட்சம் குருசாடோ (போர்ச்சுகீசிய நாணயம்) ரொக்கம், மொராக்கோ கரையில் டாஞ்சியர் துறைமுகம், அரபிக்கடலில் பம்பாய். 1640இல் பிரிந்துபோன போர்ச்சுகலை ஸ்பெயின் விடுவதாக இல்லை. போர்ச்சுகலுக்குப் படையும் கப்பலும் தேவைப்பட்டன. பெண் கொடுத்துப் படை வாங்கினார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

ரொக்கத்தில்தான் முதல் தகராறு. பெண்ணை அழைத்துவர லிஸ்பன் போன சாண்ட்விச் பிரபுவிடம், பாதித் தொகைகூடக் காசாக வரவில்லை. சர்க்கரை மூட்டைகளையும் பிறகு பணமாக்கிக்கொள்ள வேண்டிய உண்டியல் சீட்டுகளையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கணக்குத் தீர்க்க ஒரு வியாபாரியும் கூடவே வந்தார். மீதி பாக்கி பல வருடம் இழுத்தது.

பம்பாய்க் கதை இதைவிட மோசம். தீவை வாங்கிக்கொள்ள ஆபிரகாம் ஷிப்மன் ஏறக்குறைய 400 வீரர்களோடு போனார். அங்கிருந்த போர்ச்சுகீசிய அதிகாரிகள் கொடுக்க மறுத்தார்கள். பம்பாய் என்றால் ஒரு தீவு மட்டுமா, தாணே, சால்செட் எல்லாம் சேர்த்தா என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. படை கார்வார் பக்கம் அஞ்சதீவில் போய் ஒதுங்கியது. நோயில் பெரும்பாலோர் செத்தார்கள். ஷிப்மனும் 1664இல் அங்கேயே இறந்தார். 1665இல் அவருடைய செயலர் ஹம்ஃப்ரி குக் எஞ்சியவர்களோடு போய், போர்ச்சுகீசியர்கள் சொன்ன அளவுக்கு இறங்கிவந்துதான் தீவைப் பெற்றார். மூன்றே வருடத்தில், கட்டுப்படியாகவில்லை என்று சார்லஸ் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். குத்தகை வருடத்துக்கு 10 பவுண்டு! டாஞ்சியரை 1684இல், கட்டிய அலைதாங்கிச் சுவரை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

இந்தச் சம்பந்தத்தில் லாபம் போர்ச்சுகலுக்குத்தான் என்பது என் கணக்கு. ஆங்கிலப் படையினரும் சேர்ந்து போரிட்ட அமெய்ஷியல், மோன்டெஸ் கிளாரோஸ் போர்களுக்குப் பிறகு, 1668இல் ஸ்பெயின் அவர்கள் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது. கேத்தரினுக்குக் குழந்தை தங்கவில்லை. கணவரின் காதலி பார்பராவையே தன் அந்தரங்கப் பணிப்பெண்ணாக ஏற்க வேண்டியிருந்தது. கணவர் இறந்த பிறகு 1692இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி லிஸ்பன் திரும்பி, அங்கே தம்பிக்காகச் சில காலம் ஆட்சியையும் நடத்தினார். நன்றாகவே நடத்தினாராம்.

போகிறவர்கள் சர்ச் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நாளும் திறப்பதில்லை. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் போர்ட்ஸ்மவுத் கதீட்ரல். இந்தக் கல்யாணத்தைப் பதிந்த பதிவேடு அந்தக் கோயிலுடையது.