இரண்டு சீட்டு வாங்காமல் அறையை விட்டு வராதீர்கள்: மதுரையில் ஏ.டி.எச்.டி மாத்திரையை மாற்றிய அனுபவம்

டாக்டர் எனக்கு ஒதுக்கிய நேரத்தையெல்லாம் கூட்டினால் அரை மணி நேரம் தேறுமா என்பது சந்தேகம். அவர்மேல் எனக்குக் குறையில்லை. பொறுமையாகக் கேட்டார், புரியும்படி சொன்னார். அவருடைய அறைக்கு வெளியேதான் எல்லாக் கூத்தும். தெப்பத் திருவிழா சமயத்தில் தொடங்கிய வேலை பங்குனி பிறந்துதான் முடிந்தது. இதே வேலையாக அலைபவர்கள் மதுரையில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் நிலவரம் இதுதான். பெங்களூரில் வேலை பார்த்தபோது எனக்கு ஏ.டி.எச்.டி (கவனக் குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு) என்று உறுதி செய்து மெத்தில்ஃபெனிடேட் 10 மில்லிகிராம் காலையிலும் மதியமும் போடச் சொன்னார்கள். போன வருடம் வேலையை விட்டுவிட்டுத் திருமங்கலத்துக்கே வந்துவிட்டேன். இப்போது சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். அந்த மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம்தான் நிற்கும். எட்டரைக்குப் போட்டால் பன்னிரண்டு மணிக்கு இறங்கிவிடும். மதிய மாத்திரையை ஞாபகமாகப் போட வேண்டும். ஞாபகம் நிற்காததற்காகத்தானே மாத்திரையே போடுகிறோம்! அது தள்ளிப்போய் மூன்று மணிக்குப் போட்டால் ராத்திரி தூக்கம் வராது. போடாமல் விட்டால் சாயங்காலம் யார் பேசினாலும் எரிச்சல். மார்ச் கணக்கு முடிப்பு நெருங்கியதும், இதை மாற்றாமல் முடியாது என்று புறப்பட்டேன்.

முதலில் பணம் போனது ஓர் ஆன்லைன் ஆலோசனை ஆப்பில். கட்டணம் கட்டி, வீடியோவில் டாக்டரும் வந்தார். மருந்தின் பெயரைச் சொன்னதும், "இதை நான் ஆன்லைன்ல எழுத முடியாது சார், நேர்லதான் பார்க்கணும்" என்றார். அவர் சொன்னது சரி. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலில், அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் (கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியவை என்று மருந்து விதிகள் பட்டியலிட்டவை) போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் இரண்டிலும் வருகிறது. பணம் வாங்குவதற்கு முன்னால் அந்த ஆப் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஆலோசனை முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. பழைய பெங்களூர் டாக்டருக்குப் போன் செய்தபோது அவரும் இதையேதான் சொன்னார். ஆனால் காசு வாங்காமல் சொன்னார்.

சரி, உள்ளூரிலேயே பார்ப்போம் என்று வைகைக்கு வடகரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். மனநல மருத்துவர் சனிக்கிழமை மாலை மட்டும்தான் வருவார். ரிசப்ஷனில் ஒரு பெண்.

"பேஷன்ட் பேரு?"

சொன்னேன்.

"வயசு?"

"முப்பத்தாறு."

தலையைத் தூக்கிப் பார்த்தார். "உங்க வயசு இல்ல சார், பிள்ளைக்கு என்ன வயசு?"

"பிள்ளைக்கு இல்லைங்க. எனக்குத்தான்."

"ஏ.டி.எச்.டின்னு சொல்றீங்க, அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுல்ல?"

இதை அவர் மெதுவாகக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் கட்டைப்பையோடு நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார். பெரியவர்களுக்கும் உண்டு என்று சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அந்த டோக்கன் குழந்தைகள் பிரிவுக்குப் போடப்பட்டது என்பது, நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டு, "பாப்பா எங்க சார், விளையாடுதா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. மறுபடி கீழே போய் டோக்கனை மாற்றுவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். அன்றைய சனிக்கிழமை அத்தோடு போயிற்று.

அதனால் கவுன்டரில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "மனநலப் பிரிவு, பழைய மருந்து ரிவ்யூ" என்றால் போதும், வேறு கேள்வி வராது.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்துவிட்டேன். பெங்களூர் ஃபைல் கையில் இருந்தாலும் அவர் தன் திருப்திக்கு ஒரு முறை முதலிலிருந்து கேட்டார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பது விதிமுறை என்பதால், பள்ளிக்கூடக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றார். அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டைக் கொண்டு போயிருந்தேன். அதில் வாத்தியார் எழுதியிருந்த குறிப்பைப் படித்துச் சிரித்துவிட்டார். அந்தக் கட்டம் அவ்வளவுதான், சுலபமாக முடிந்தது.

சிக்கியது ரத்த அழுத்தத்தில். டாக்டர் அறை மூன்றாவது மாடி. லிஃப்டில் "பழுது" என்று அட்டை தொங்கியது. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றவனை, உட்காரக்கூட விடாமல் கையில் பட்டையைச் சுற்றினார் நர்ஸ். 150-க்கு 96, நாடித் துடிப்பு 112. அதை ஃபைலின் தலையில் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டுவிட்டார். உள்ளே போனதும் டாக்டர் பார்த்தது அந்த வட்டத்தைத்தான்.

"இந்த மாத்திரையே பி.பி.யையும் பல்ஸையும் கொஞ்சம் ஏத்தும். இந்த நம்பரை வெச்சுக்கிட்டு நான் எதையும் மாத்த முடியாது. ஒரு ஈ.சி.ஜி. எடுத்துருங்க. ஒரு வாரம் வீட்ல காலைலயும் சாயங்காலமும் பி.பி. பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார்.

படியேறி வந்ததைச் சொன்னேன். "இருக்கலாம், ஆனா எழுதினது எழுதினதுதான்" என்றார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எனக்குக் கோபம் அந்தப் பட்டை மேல்தான். பக்கத்து வீட்டுப் பெரியவரின் மிஷினை இரவல் வாங்கி, தினமும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து எழுதினேன். ஒருநாள்கூட 126-ஐத் தாண்டவில்லை. ஈ.சி.ஜி.யும் சுத்தம். அடுத்த முறை பட்டையோடு வந்த நர்ஸிடம், "சிஸ்டர், அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேன், அப்புறம் எடுங்க" என்றேன். முறைத்தார். ஆனாலும் காத்திருந்து எடுத்தார். 124-க்கு 80. சிவப்பு மை வெளியே வரவில்லை. அன்று நான் ஜெயித்தது அது ஒன்றில்தான், அதனால் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரிடம் பேசும்போது உதவிய ஒரு விஷயம் உண்டு. "மருந்து சரியா வேலை செய்யல" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. மணிக்கணக்காக எழுதிக்கொண்டு போனேன்: எட்டரைக்கு மாத்திரை, ஒன்பதே காலுக்கு வேலை பிடித்தது, பன்னிரண்டு மணிக்கு ஒரே பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஐந்து மணிக்கு எரிச்சல், ஒன்பது மணிக்குத்தான் பசி. அந்தத் தாளைப் பார்த்தவுடன், "அளவு குறைவில்ல, நேரம்தான் பத்தல" என்று சொல்லிவிட்டார். இரண்டு 10-க்குப் பதிலாகக் காலையில் ஒரே ஒரு 20 எஸ்.ஆர்., அதாவது மெதுவாகக் கரையும் மாத்திரை. மொத்த அளவு அதேதான், ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இழுக்கும். உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது என்றார். அடோமாக்சிடின் என்று இன்னொரு வழியும் இருக்கிறதாம். அது அட்டவணை எக்ஸில் இல்லை, கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். "இது ஒத்துக்கலைன்னா அதுக்குப் போவோம்" என்றார். கடையில் கிடைப்பதை வைத்து முடிவெடுக்காமல் எனக்கு எது ஒத்துவரும் என்று யோசித்தாரே, அதற்காகவே அவரை விடப் போவதில்லை.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். மாத்திரை வாங்க வேண்டியது பாக்கி இருந்தது.

மருத்துவமனை மெடிக்கலில், "எஸ்.ஆர். இல்ல சார், வெளில பாருங்க" என்றார்கள். பனகல் சாலையில், ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றித்தான் இத்தனை மெடிக்கல்கள் இருக்கின்றனவே என்று வரிசையாக ஏறி இறங்கினேன். சில இடங்களில் பெயரைப் படித்ததுமே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கடைப் பையன், "இது போதை மாத்திரைல்லண்ணே?" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். கடைசியில் ஒரு கடையில் வயதான மருந்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எக்ஸ்ல வர்ற மருந்து. இதை விக்கவே தனி லைசென்ஸ் வேணும், எல்லாக் கடைலயும் இருக்காது. எங்கிட்ட இருக்கு. ஆனா ஒத்தைச் சீட்டுக்குக் குடுக்க மாட்டேன். ரெண்டு வேணும். அதுல ஒரு சீட்டு, ரெண்டு வருசத்துக்கு எங்கிட்டயே இருக்கணும்."

"ஜெராக்ஸ் எடுத்துட்டு வரட்டுமாண்ணே?"

"ஜெராக்ஸ் ஆகாது. ரெண்டுலயும் டாக்டர் கையெழுத்து வேணும். உங்க அட்ரஸும் இதுல இல்ல. மொத்தம் எத்தனை மாத்திரைன்னும் இல்ல. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் மருந்து விதிகளில் உள்ளதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவமனைக் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த சீட்டில் என் பெயர், வயது, ஒரு நீளமான எண், "1-0-0, ஒரு மாதம்" என்பது மட்டும்தான் இருந்தன. காய்ச்சல் மாத்திரைக்கு அது போதும்.

திரும்பிப் போனால் டாக்டர் இல்லை. ரிசப்ஷனில், "ஒரு தடவை பிரின்ட் ஆயிடுச்சுன்னா சிஸ்டத்துல ரெண்டாவது வராது சார். டூட்டி டாக்டர்ட்ட கையெழுத்து வாங்கிக்கங்க" என்றார்கள். டூட்டி டாக்டர் மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கைகூப்பாத குறையாக மறுத்தார். அடுத்த சனிக்கிழமை டாக்டர் விடுமுறை. அதற்கடுத்த வாரம் போனால், "இலவச ரிவ்யூ நாள் தாண்டிருச்சு, புதுசா ஃபீஸ் கட்டணும்" என்கிறார்கள்! கையில் பழைய 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிரண்டுதான் மிச்சம். நான் சத்தம் போட்டதைக் கேட்டோ என்னவோ, டாக்டரே வெளியே எட்டிப் பார்த்து, "அவருக்கு பில் போடாதீங்க, உள்ள அனுப்புங்க" என்றார். தன் லெட்டர்பேடை எடுத்து, பேனாவால் இரண்டு முறை முழுதாக எழுதினார். பெயர், திருமங்கலம் முகவரி, மாத்திரையின் பெயர், 20 மில்லிகிராம் எஸ்.ஆர்., மொத்தம் 30 என எண்ணிலும் எழுத்திலும், தேதி, பதிவு எண், சீல். "இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே, போன மாசம்கூட ஒருத்தருக்கு ஒத்தையாத்தான் போச்சு" என்றார். அந்த ஒருத்தர் எங்கே அலைந்துகொண்டிருக்கிறாரோ.

பனகல் சாலைப் பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். சட்டைக்குள்ளிருந்து கயிற்றில் கோத்த சாவியை எடுத்து, பின்னால் இருந்த சின்ன இரும்பு அலமாரியைத் திறந்தார். தடித்த நோட்டில் பெயர், முகவரி, பேட்ச் எண் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்.ஆர்.எக்ஸ் என்று, அட்டவணை எக்ஸ் மருந்துக்கான அடையாளம் இருந்தது. "அடுத்த மாசம் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணுங்க தம்பி, சொல்லித்தான் வரவழைக்கணும்" என்று நம்பரைக் குறித்துக்கொடுத்தார். ஒரே சீட்டை அடுத்த மாதமும் நீட்ட முடியாது, டாக்டர் அப்படிக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழிய. இதையும் அறைக்குள்ளேயே கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்பீர்கள். 2017 மனநலச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோல மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நானும் அதை நம்பி பில்லை எல்லாம் சேர்த்து அனுப்பினேன். "அட்மிட் ஆனால்தான், ஓ.பி. செலவு உங்கள் பாலிசியில் வராது" என்று பதில் வந்தது. உடல் நோய்க்கும் என் பாலிசியில் ஓ.பி. கிடையாது. ஆக, சமத்துவம்தான்.

மருந்து எப்படி இருக்கிறது என்றால், மதியம் இரண்டு மணிக்கும் கணக்கு ஓடுகிறது. அது பெரிய விஷயம். மதியச் சாப்பாடு இறங்குவதில்லை, டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வருவதைப் பார்த்து அம்மா, "அந்த மாத்திரையக் கொண்டுபோய் வைகையில போடு" என்கிறார். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறேன். சாயங்கால எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. அடுத்த ரிவ்யூவில் அதைப் பேச வேண்டும். சித்திரைத் திருவிழா தொடங்கிவிட்டால் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நுழைய முடியாது. அதனால் பனகல் சாலைப் பெரியவருக்கு இந்த வாரமே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை டாக்டரிடம் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு நேரே அங்கே போக வேண்டும்.