ஹஜர் மலைச்சரிவின் மண்: கல்லுக்கு இடையில் எவ்வளவு மண், அதில் எவ்வளவு தண்ணீர்?

ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலிருந்து, ஹஜர் மலைத்தொடரில் உள்ள ஜெபல் ஜைஸ் ஏறும் சாலையின் இருபுறமும் வெறும் பாறையாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சரிவில் யூஃபோர்பியா லாரிகா புதர் புதராக நிற்கிறது, பள்ளங்களில் முருங்கையின் பாலைவன உறவான மொரிங்கா பெரெக்ரினா நிற்கிறது. மண் இல்லாமல் இவை நிற்காது. அந்த மண்ணையும் அது பிடிக்கும் தண்ணீரையும் வீட்டுக் கருவிகளை வைத்து அளக்கும் முறையை இங்கே எழுதி வைக்கிறேன். நன்செய் வயலில் பழகிய முறைகள் பல இங்கே எடுபடாது.

மண் வகைப்பாட்டில் இதற்கு இரண்டு எல்லைகள். பாறை 50 செ.மீ. ஆழத்துக்குள் வந்துவிட்டால் 'லித்திக்'. மண்ணின் கன அளவில் 35 சதவீதமோ அதற்கு மேலோ கல்லாக இருந்தால் 'ஸ்கெலட்டல்'. ஹஜர் சரிவுகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். 2 மி.மீ. சல்லடையில் நிற்பது கல், கீழே விழுவது நுண்மண் என்பதுதான் கணக்கு.

இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது சாலைக்காக மலையை வெட்டிய பக்கங்கள். தோண்டாமலே மண்ணின் குறுக்குவெட்டு தெரியும். தலைக்கு மேல் தளர்ந்த கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிட்டே போங்கள். வாடி (மழையில் மட்டும் நீர் ஓடும் மலைப்பள்ளம்) வுரையா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும், பழைய கல்சுவர், படிக்கட்டு வயல் இருக்கும் இடங்களிலும் கடப்பாரையை எடுக்கவே கூடாது. மற்ற இடங்களில் அனுமதி கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். மலையில் எங்காவது மழை என்றால், நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் வாடிக்குள் இறங்கக்கூடாது.

ஆழம் பார்க்க 12 மி.மீ. இரும்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளம், முனை கூராக்கியது, கூடவே 2 கிலோ சுத்தியல். கம்பி நின்ற இடம் பாறை என்று எழுதிவிடக்கூடாது, பாதி நேரம் அது கல்தான். கல்லில் பட்டால் சத்தம் மந்தமாக இருக்கும், அடிக்க அடிக்கக் கம்பி சற்றுச் சாயும். பாறையில் பட்டால் கணீர் என்று ஒலித்துக் கம்பி கையில் எகிறும். ஒவ்வொரு இடத்திலும் 30 செ.மீ. இடைவெளி விட்டுப் பத்து முறை இறக்கிப் பாருங்கள். சராசரி எடுத்தால் கல்லில் நின்ற அளவுகள் எல்லாம் சேர்ந்து மண்ணை ஆழம் குறைவாகக் காட்டும். அதனால் நடு அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) அதிகபட்ச அளவையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி 60, 70 செ.மீ. என்று போனால் அது பாறைப் பிளவு. அதை விட்டுவிடாமல் குறித்து வைக்க வேண்டும், ஏன் என்பது கீழே வருகிறது.

அடுத்தது குழி. வளையம் அடித்து மண் எடுக்கும் வழக்கமான முறை இங்கே பயன்படாது, வளையம் கல்லில் மோதி மடங்கும். 25 செ.மீ. சதுரத்தில், பாறை தட்டும் வரை, உளியும் கையும் வைத்துத் தோண்டி, வெளியே வருவது அத்தனையையும் வாளியில் சேர்க்க வேண்டும். கல்லைத் தூக்கும்போது திறக்கும் வாய் நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். அடியில் தேளோ விரியனோ இருக்கலாம். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுவரோடு ஒட்டும்படி விரித்து, அளந்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் குழியின் கன அளவு கிடைக்கும். சரிவில் தண்ணீர் மட்டம் கீழ்ப்பக்க விளிம்பில் வழிந்துவிடும். அதனால் மேல்பக்கத்தையும் முதலிலேயே மட்டமாகச் செதுக்கிவிட்டுத் தோண்டத் தொடங்குவது நல்லது. தாள் தடியாக இருந்தால் இடுக்குகளில் இறங்காது, கன அளவு குறைவாக வரும்.

வீட்டில் எல்லாவற்றையும் காயவைத்துச் சலிக்க வேண்டும். ஈரத்தில் சலித்தால் நுண்மண் கல்லோடு ஒட்டிப் போய்விடும், காய்ந்த பிறகும் பிரஷ் போட்டே ஆக வேண்டும். உருண்டைகளை மர உருளையால் உடைக்கலாம், சுத்தியல் வேண்டாம். உளுத்த கல் நொறுங்கி நுண்மண் கணக்கில் சேர்ந்துவிடும்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி. குழி 11.4 லிட்டர், ஆழம் 20 செ.மீ., கல் 16.2 கிலோ, நுண்மண் 6.6 கிலோ. எடையில் பார்த்தால் கல் 71 சதவீதம். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தி லிட்டருக்கு 2.65 கிலோ என்று வகுத்தால் கல்லின் கன அளவு 6.1 லிட்டர், அதாவது 54 சதவீதம்தான். தண்ணீர் தங்குவது கன அளவைப் பொறுத்தது, எனவே எடைச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மண் உண்மையில் இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். மீதி 5.3 லிட்டர் நுண்மண். 20 செ.மீ. ஆழத்தில் இது 9.3 செ.மீ. சுத்த மண்ணுக்குச் சமம். மணல் கலந்த இருமண்ணில் (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) செடி எடுக்கக்கூடிய நீர் சுமார் 12 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 11 மி.மீ.

ஹத்தா, மசாஃபி பக்கம் போனால் கல்லே வேறு. அது ஓஃபியோலைட், பழைய கடலடித் தரையும் அதன் கீழிருந்த பாறையும் மேலேறி வந்தது. அந்தக் கீழ்ப்பாறையான பெரிடோடைட் மாறாமல் இருந்தால் அடர்த்தி 3.3 வரை இருக்கும், நீரோடு வினைபுரிந்து முழுக்க செர்பென்டைன் என்ற கனிமமாக மாறியது 2.6 பக்கம் நிற்கும். ஒரே குழியில் இரண்டும் கிடக்கும். அங்கே அடர்த்தியை ஊகிக்காமல், கற்களை ஒரு நாள் ஊறவைத்து, மேலே துடைத்து, அளவுக் குடுவையில் போட்டு நீர் ஏறும் அளவைப் படியுங்கள்.

11 மி.மீ. என்றால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த மண்ணின் பலமே அந்தக் கல்லில்தான் இருக்கிறது என்பதைக் கணக்கே காட்டுகிறது. நன்றாகக் காய்ந்த, கல் இல்லாத மண் ஒரு செ.மீ. ஆழத்துக்கு (செடியால் எடுக்க முடியாததையும் சேர்த்து) 2 மி.மீ. நீரைப் பிடிக்கும் என்றால், 10 மி.மீ. மழை 5 செ.மீ.யோடு நின்றுவிடும், அந்த ஈரம் சில நாளில் வெயிலுக்குப் போய்விடும். 54 சதவீதம் கல் இருந்தால் ஒரு செ.மீ.க்கு 0.92 மி.மீ. போதும், அதே மழை கிட்டத்தட்ட 11 செ.மீ. இறங்கும். 18.4 மி.மீ. பெய்தால் பாறையையே தொட்டுவிடும். அதற்கு மேல் வருவது, கம்பி ஆழமாகப் போன அந்தப் பிளவுக்குள் இறங்கிச் செடிக்குச் சேமிப்பாகும். புதர்களின் வேர் பிளவுகளை ஒட்டியே ஓடுவது இதனால்தான்.

இதைச் சரிபார்க்க ஒரு சதுர மீட்டரில் பூவாளியால் 10 லிட்டர் தெளித்தால் 10 மி.மீ. மழைக்குச் சமம். 30 பாகைச் சரிவில் தரைமேல் ஒரு மீட்டர் என்பது கிடைமட்டத்தில் 0.87 மீட்டர்தான், எனவே அந்தச் சதுர மீட்டரைக் குறிக்கும் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். மெதுவாக, அரை மணிக்கு மேல் எடுத்துத் தெளித்து, பாலித்தீன் மூடி, மறுநாள் வெட்டிப் பார்த்தால் ஈரக்கோடு கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு ஊற்றினால் பாதி ஓடிவிடும், நிஜப் புயல்மழையிலும் இதுவேதான் நடக்கிறது.

எவ்வளவு ஓடும், எவ்வளவு இறங்கும் என்பது மேற்கற்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. தளர்வாக மேலே கிடக்கும் கல் துளி அடிப்பதைத் தாங்கி நீரை உள்ளே விடும். மண்ணின் மேலோட்டில் புதைந்து பிடித்துக்கொண்ட கல் நீரை ஓடவிடும். ஒரு கல்லைப் பெயர்த்து அடிமண்ணை வில்லையாக உடைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வெளிறிய நிறம், ஒன்றோடொன்று சேராத வட்டக் காற்றுக்குமிழிகள். இது காற்றில் வந்த தூசி மண்ணாகி, நனைந்து காய்ந்து உருவான படலம். துளைகள் நிறைய இருந்தாலும் இணைப்பு இல்லாததால் தண்ணீர் எளிதில் இறங்காது. செங்குத்துச் சரிவில் குறைவு, மென்சரிவிலும் மேட்டின் தட்டையிலும் அதிகம்.

அந்தக் கல்லின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு இருந்தால் அது நீர் வற்றிய இடத்தில் தங்கிய சுண்ணாம்பு. பூச்சு மேலே பார்த்துக் கிடந்தால் அந்தக் கல் உருண்டு வந்தது, சரிவு இன்னும் அசைகிறது. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பூச்சு நுரைக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே செய்யுங்கள். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் கல்லே நுரைக்கும் என்பதால் சோதனை எதையும் பிரித்துச் சொல்லாது. அங்கே நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பூச்சு உதிரும். ஓஃபியோலைட் பக்கம் வெள்ளை நரம்புகள் பல மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட்). குளிர்ந்த அமிலத்தில் அது நுரைக்காது, தூளாக்கிச் சூடாக்கினால்தான் நுரைக்கும். அந்த மண்ணில் மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச்சத்துக் குறைவு, நிக்கலும் உண்டு. ஈரம் இருந்தும் செடி குறைவாகத் தெரிந்தால் தண்ணீரை மட்டும் காரணம் சொல்லாதீர்கள்.

வடக்குச் சரிவு, தெற்குச் சரிவு ஒப்பீடு அடுத்த வேலை. இந்த அட்சரேகையில் கோடைச் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால் இரு சரிவும் அப்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி காயும். வித்தியாசம் சூரியன் தெற்கே சாயும் குளிர்காலத்தில்தான், மழையும் பெரும்பாலும் அப்போதுதான். எனவே மழைக்குப் பின் ஒரே நாளில், ஒரே உயரத்தில், கல் விகிதம் நெருங்கிய இரண்டு குழிகளில் ஈரம் எடுக்க வேண்டும். 200 கிராம் நுண்மண்ணைச் சலித்தவுடன் இறுக்கமான டப்பாவில் அடைத்து எடை போட்டு, 105 பாகை செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். டப்பா மூடி தளர்ந்திருந்தால் காரிலேயே ஈரம் போய்விடும்.

குழியை மூடும்போது எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் நிரப்பி, கால்வைத்து அழுத்தி, மேற்கற்களைப் பூச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி பழைய இடத்திலேயே வையுங்கள். நிரப்பாத குழி அடுத்த மழையில் நீரை ஒரே பக்கம் திரட்டி, கீழ்ச்சரிவின் மண்ணையும் அரித்துக்கொண்டு போகும்.