பில்லில ஒரு சொல் விடுபட்டுது, எனக்கு ஒரு மாசம் போச்சு

டொக்டர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி (எம்ஆர்ஐ மெசினிலயே கட்டிக்குள்ள என்ன ரசாயனம் கிடக்கெண்டு பாக்கிற சோதனை) எழுதித் தந்தா முதல்ல பில்லை வாசியுங்கோ. நான் வாசிக்கேல்ல.

இடது மார்பில கட்டி, அல்ட்ராசவுண்டில 2 சென்ரிமீற்றர். டொக்டர் எம்ஆர்ஐயோட ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் எழுதினவர், பயொப்ஸிக்கு (ஊசியால குத்திக் கட்டியில துண்டெடுத்துப் பாக்கிறதுக்கு) முதலே செய்யோணும், குத்தின பிறகெண்டா உள்ளுக்க ரத்தம் கட்டியிருக்கும், அடையாளத்துக்குக் கிளிப் வச்சா அந்த உலோகமும் சிக்னலைக் கெடுக்கும் எண்டவர். பீரியட் தொடங்கி 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில வரச்சொல்லியும் சொன்னவர். வெள்ளவத்தையில இருந்து காலமை ஆறரைக்கே த்ரீவீல் பிடிச்சுப் போய், உடுப்பு மாத்தி, தாலிக்கொடியைக் கழட்டி மாமிட்ட குடுத்திட்டு நிக்கிறன், டெக்னீசியன் தம்பி பில்லைப் பாத்திட்டு "அக்கா, இதில வெறும் எம்ஆர்ஐ தானே கிடக்கு" எண்டுது. கவுண்டர் பிள்ளைக்கு டொக்டரின்ர எழுத்து விளங்கேல்லயாம், விட்டிட்டுது, கேட்டா "நீங்கதானே சொல்லியிருக்கோணும்" எண்டு எனக்கே பாயுது. படம் தெளிவா விழப் போடுற கொன்ட்ராஸ்ட் ஊசிக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் பாக்கிற ரத்தச் சோதனை) ரிப்போர்ட்டும் வேணுமாம், அதையும் ஒருத்தரும் சொல்லேல்ல. அடுத்த இடம் எட்டு நாள் கழிச்சு, அதுக்குள்ள என்ர 14ஆம் நாள் தாண்டிடும். கட்டியோட ஒரு மாசம் நித்திரையில்லாம கிடந்தன்.

ரெண்டாம் தரம் பில்லை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டுத்தான் காசு குடுத்தன்.

குப்புறப் படுக்கோணும், ரெண்டு ஓட்டைக்குள்ள மார்பு தொங்கும், நெஞ்செலும்பில விளிம்பு குத்தும். ஒரு துவாய் மடிச்சு வைக்கச் சொல்லிக் கேளுங்கோ, தருவினம். படம் எடுத்த பிறகு அந்தப் படத்தில கட்டிக்குள்ள சின்னதா ஒரு பெட்டி கீறி, அதுக்குள்ள இருந்து மட்டும் சிக்னல் எடுக்கினம். எனக்கு அந்த நேரம் பாத்து இருமல்! திரும்பவும் முதல்ல இருந்து. தண்ணியும் கொழுப்பும் குடுக்கிற சிக்னல் சரியான பெரிசு, அதுகளை அமத்தினாத்தான் கிராஃபில 3.2 பிபிஎம் எண்ட இடத்தில கோலின் எண்ட ரசாயனத்தின்ர பீக் (முனை) தெரியும், ஆடினா எல்லாம் குழம்பிடும் எண்டு தம்பி பிறகு விளங்கப்படுத்தினது. செல் கண்டபாட்டுக்குப் பெருகினா கோலின் ஏறுமாம்.

ரிப்போர்ட்டில கோலின் பீக் இல்லை. நான் மயூரபதி அம்மனுக்கு அர்ச்சனை செய்ய வெளிக்கிட்டிட்டன், டொக்டர் சிரிச்சிட்டு, சின்னக் கட்டியெண்டா கான்சரிலயும் பீக் தெரியாமப் போகும், பால் குடுக்கிற ஆக்களுக்கு நல்ல மார்பிலயும் தெரியும், பயொப்ஸியை விடேலாது எண்டார். செய்தாச்சு. ஃபைப்ரோஅடினோமா, கான்சர் இல்லாத கட்டி.

முதல் கட்டின காசைத் திருப்பித் தரச்சொல்லி இண்டைக்கு மூண்டாம் தரம் போன் எடுத்தன். "மிஸ், கொஞ்சம் லைனில இருங்கோ" எண்டிட்டுப் பாட்டுப் போட்டு விட்டினம்.