மிஸ் அடிக்கும் மோட்டார்: மே மாதக் குறிப்புகள்

மே 7, 2025

இன்றும் படகு மோட்டார் மிஸ் அடித்தது. கரையை விட்டுக் கிளம்பும்போது ஒன்றும் தெரியவில்லை, ஸ்லோவில் அழகாக நிற்கிறது, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. பத்துப் பாக ஆழத் தண்ணீர் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கை நீளம்) தாண்டி முக்கால் ரேஸில் வைத்து ஓட்டும்போதுதான் இரண்டு மூன்று அடி விட்டுப்போகிறது, படகு சட்டென்று குனிந்து, பிறகு எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. சில சமயம் அரை மணி நேரம் சத்தமே இல்லை. முழு ரேஸ் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. இது எனக்கு விசித்திரமாகப் பட்டதால் எழுதி வைக்கிறேன்.

9.9 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, எங்கள் ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. நாகைப் பக்கம் மீனுக்கு நல்ல விலை பார்க்கிற காலம் இதுதான். கோலாவும், அதாவது பறக்கும் மீனும், வந்துவிட்டது. கோலாவுக்குக் கரை கண்ணில் படாத தூரம் போகணும். இந்த மோட்டாரை நம்பி மச்சானையும் தம்பியையும் அங்கே கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

மே 8

பெட்ரோல் பக்கத்தை முதலில் முடித்தேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை திறந்திருக்கிறது, ஹோஸ் வெடிக்கவில்லை, கனெக்டர் ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறது. கார்பரேட்டர் கிண்ணத்தின் வடி திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தால் பெட்ரோலுக்கு அடியில் கடுகு அளவில் தண்ணீர் முத்துகள், பாட்டிலைச் சாய்க்கும் பக்கமெல்லாம் உருண்டு ஓடுகின்றன.

பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். கடற்கரையில் பாதி காலியான டேங்கை மூடாமல் போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம். டேங்கைக் கவிழ்த்துக் கழுவி, புதுப் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றினேன்.

பிளக் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி காபி நிறம். ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் ஒரு பிளக்காவது கறுத்து ஈரமாக இருந்திருக்கும்.

மே 10

தண்ணீர் போயும் மிஸ் போகவில்லை. மச்சான் ஓட்ட, நான் ஹோஸில் இருக்கும் கைபம்ப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மிஸ் அடித்த நேரத்தில் பம்ப் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தும் மாற்றமில்லை. பெட்ரோல் போதாமல் போனால் பம்ப் தளர்ந்திருக்கும், அமுக்கியதும் மோட்டார் எழுந்திருக்கும். அதோடு பெட்ரோல் பற்றாக்குறை என்றால் முழு ரேஸில்தான் மோசமாகணும், இங்கே தலைகீழ்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. பொறிக்கான கரண்டை நேரம் பார்த்து விடும் சி.டி.ஐ. பெட்டியை மாற்று என்கிறார் மாமா, அந்தக் கரண்டை ஏற்றிப் பிளக்குக்கு அனுப்பும் காயிலை மாற்று என்கிறார் கடைக்கார அண்ணன். விட்டு விட்டு வரும் கோளாறில் சாமான் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதுச் சாமான் போட்டதும் தற்செயலாக ஒரு நாள் ஒழுங்காக ஓடும், காசு போனதற்குப் பலன் கிடைத்தது என்று நினைப்போம், பிறகு நடுக்கடலில் அதே கோளாறு திரும்பும். மிஸ் அடிக்கிற அந்த நேரத்தில் பிளக்குக்கு கரண்ட் வருகிறதா இல்லையா, இது ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைக் கரையில் டிரம்மில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும் முடியாது. பாரம் இல்லாத மோட்டாருக்கு முக்கால் ரேஸ் கொடுத்தால் கத்திக்கொண்டு எகிறும்.

மே 12

பிளக்குக்கும் அதன் மேல் மாட்டும் கேப்புக்கும் நடுவில் செருகும் சின்ன நியான் விளக்கு இரண்டு வாங்கி வந்தேன், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மினுக்கு. மேல் மூடியைக் கழற்றிவிட்டு, வெயிலில் மினுக்கு தெரியாது என்பதால் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். சுற்றுகிற மேக்னட்டுக்கு, அதாவது மோட்டார் தலையில் இருக்கும் காந்தச் சக்கரத்துக்கு, பக்கத்தில் முகத்தை வைக்கிறோம், அதனால் துணியின் முனையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டேன். கையும் காய்ந்திருக்கணும்.

முக்கால் ரேஸ் வந்தது. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து, ஒரே நேரத்தில் எரிந்தன.

கரண்ட்தான் போகிறது. இரண்டு பிளக்கிலும் சேர்ந்து போவதால் கேப், பிளக் வயர் பக்கம் சந்தேகம் குறைந்தது. காயிலுக்கு முன்னால் எங்கோ அறுபடுகிறது. நிறுத்தும் ஸ்விட்சின் வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும் இப்படித்தான் வரும் என்று அந்த வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அப்போதும் மிஸ். ஸ்விட்ச் வேலை செய்யாது என்பதால், திரும்பி வந்து சோக்கை இழுத்துக் காற்றை அடைத்து மோட்டாரை நிறுத்தினோம்.

மே 13

முள் மீட்டரை இரவல் வாங்கினேன். டிஜிட்டலில் எண் தாவுவதைக் கண் பிடிக்காது, முள் துள்ளினால் உடனே தெரியும். மேக்னட்டுக்கு அடியில் இருந்து சி.டி.ஐ.க்கு வரும் வயர்களில் மீட்டரை வைத்துவிட்டு, மோட்டார் ஓடாமல் இருக்கும்போதே தம்பியை ரேஸ் பிடியை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். ஸ்லோவில் முள் ஆடாமல் நின்றது. பாதியைத் தாண்டியதும் சட்டென்று விழுந்தது. இன்னும் திருப்பினால் மறுபடி எழுந்தது.

“அண்ணே, கை வைக்காமலே ஆடுது” என்றான்.

இந்த மோட்டாரில் ரேஸ் கூடக் கூடப் பொறி முன்கூட்டி வரணும் என்பதற்காக, மேக்னட்டுக்கு அடியில் கரண்ட் உண்டாக்கும் காயிலைத் தாங்கும் பிளேட் கொஞ்சம் திரும்பும். வயரும் கூடவே மடங்கி நிமிரும். புல்லர் என்ற கழற்றும் கருவியைப் போட்டு மேக்னட்டைத் தூக்கிப் பார்த்தால் வயரின் மேல் உறையில் ஒரு கீறல் இல்லை. விரலால் தடவிக்கொண்டே போனேன், ஒரு இடத்தில் மட்டும் தொளதொளவென்று மடிந்தது. பிளேடால் கீறினால் உள்ளே பச்சை பூத்த செம்பு இழைகள், அத்தனையும் அறுந்து முனைகள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. முழு ரேஸில் வயர் வேறு பக்கம் மடங்கி முனைகளை அமுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால்தான் அங்கே சரியாக ஓடியிருக்கிறது.

அந்த இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டவில்லை. ஈயம் பட்ட இடம் விறைத்துவிடும், அதன் ஓரத்தில் மறுபடி அறும். அந்த அடிக் காயிலின் முனையில் இருந்தே மெல்லிய இழைகள் கொண்ட புது வயர் போட்டு, பற்றவைப்பை அசையாத இடத்துக்குத் தள்ளி, சூட்டில் சுருங்கும் குழாய் போர்த்தி, திரும்புவதற்கு ஒரு வளைவு விட்டுக் கட்டினேன். மேக்னட்டை மாட்டும் முன் அது உட்காரும் தண்டின் கூம்பைத் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்து, மேக்னட் நழுவாமல் பிடிக்கும் சின்னச் சாவித் துண்டு ஒழுங்காக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் நட்டை இறுக்கினேன்.

மே 15

விளக்குகளை மாட்டியே கொண்டுபோனேன். முக்கால் ரேஸிலேயே வைத்து, கச்சான் காற்றுக்கு எதிராகவும் அதோடு சேர்ந்தும் மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒரு மினுக்குகூடத் தவறவில்லை. பாரத்துக்காக வலையையும் ஏற்றியிருந்தோம்.

மச்சான் நாளைக்கே கோலாவுக்குப் போகலாம் என்கிறார். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டணும், அதை வாங்கப் போகிறேன். மீதி வயரையும் குழாயையும் டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்தாயிற்று.