வெயில் தின்ற கட்டிப்பால்

மலேசியாவில் சுங்கை பட்டாணி பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலையின் சோதனைக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. அம்மா இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "நான் வெட்டினத நீ வேகவைக்கப் போறியா?" என்று சிரித்தார். வேலை கிட்டத்தட்ட அதுதான்.

ரப்பரைச் சட்டைப் பொத்தான் அளவு சில்லுகளாக வெட்டி, வாலஸ் கருவியில் அழுத்தி, எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்வோம். அதே ரப்பரின் வேறு சில்லுகளை 140 டிகிரி அடுப்பில் சரியாக 30 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, அப்புறம் அழுத்துவோம். முதல் எண்ணில் எத்தனை சதவீதம் தங்கியிருக்கிறதோ அதுதான் பி.ஆர்.ஐ; ரப்பர் சூட்டை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். மலேசிய ரப்பரின் எஸ்.எம்.ஆர் 20 என்ற தரத்துக்குக் குறைந்தது 40 வேண்டும்.

சூட்டில் ஆக்சிஜன் ரப்பரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். சில செயற்கை ரப்பர்கள் பழசானால் விறைத்துப்போகும்; நம் பால்மரத்து ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். இதைத் தடுக்கும் பொருள்கள் பாலிலேயே உண்டு. வெயில் அவற்றைத் தின்றுவிடும். செம்போ மாங்கனீசோ துளி கலந்தாலும் சிதைவு வேகம் பிடிக்கும்.

ஒரு நாள் 42 காட்டிய ரப்பர், அடுப்பிலிருந்து வந்ததும் 15 காட்டியது. கணக்குப் போட்டால் 36 சதவீதம்கூடத் தேறவில்லை. அடுப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வேறு வெப்பமானி வைத்தும் 140தான்.

"சின்னத் தோட்டக்காரன் எதையாவது கலந்திருப்பான், தம்பி" என்றார் மேலாளர்.

சரி என்று முற்றத்துக்குப் போனேன். கட்டிப்பால், அதாவது மரத்துக் கோப்பையிலேயே உறைந்துபோன ரப்பர் பால், வாரக்கணக்கில் திறந்த வெளியில் குவிந்துகிடந்தது. மேலே இருந்தவை கறுத்து, காய்ந்து, ஓடுபோல. கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை இழுத்தேன்; ஈரம், உள்ளே வெள்ளை, இரண்டு நாள் சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம். இரண்டையும் தனித்தனியே சோதித்தேன். நாறியது தேறியது. காய்ந்தது தேறவில்லை. தோட்டக்காரர் நல்ல சரக்கைத்தான் கொடுத்திருந்தார்; வெயிலில் போட்டு வைத்தது நாங்கள்.

அறிக்கையில் எழுதினேன். முற்றத்தைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். எடுத்துவிட்டேன். அடுத்த முறை அந்தத் தோட்டக்காரரின் சரக்குக்கு விலையைக் குறைத்தார்கள்.

அன்று 15 காட்டிய அந்தச் சில்லு ஒன்றைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா விரலால் நசுக்கிப் பார்த்தார். விரலோடு ஒட்டிக்கொண்டது.

"வெயில்ல கிடந்த பாலா?"

ஆமாம் என்றேன்.

"கட்டிப்பால் மூட்டைய நாங்க நெழல்லதான்டா வைப்போம். போ, மண்ணெண்ணெய் எடுத்துட்டு வா, விரலத் துடைக்கணும்."