டி.ஒய். (பி.எஸ்ஸி. மேத்ஸ் மூன்றாம் வருடம்), கடைசி செமஸ்டர்

பிப்ரவரி 16

எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வு முடிந்துவிட்டது. பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய எம்.எஸ்.கியூ. கேள்வியில் ஒரு ஆப்ஷன் மட்டும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சரியான ஆப்ஷன் எல்லாவற்றையும் தொட்டால்தான் 2 மார்க், ஒன்று விடுபட்டாலும் பூஜ்யம். சி-யும் உண்டா இல்லையா?

பிப்ரவரி 18

கணக்கு சார் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 20

போன மாதம் கடைசி வகுப்பில் சார் கொடுத்த கேள்வியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தோமேயின் ஃபங்ஷன் எங்களுக்குத் தெரியும். முழுதும் சுருக்கிய p/q என்ற விகிதமுறு எண்ணில் மதிப்பு 1/q, விகிதமுறா எண்ணில் 0. விகிதமுறா எண்கள் எல்லாவற்றிலும் தொடர்ச்சி (புள்ளியை நெருங்க நெருங்க மதிப்பும் அங்குள்ள மதிப்பை நெருங்குவது) உண்டு, விகிதமுறு எண் ஒன்றில்கூட இல்லை. "இதைத் திருப்பிப் போட முடியுமா? விகிதமுறு எண்களில் மட்டும் தொடர்ச்சியாக ஒன்று?" என்று கேட்டார். முடியாது என்று 1881-இல் இத்தாலியக் கணிதர் வோல்டெரா நிரூபித்தார், பீசாவில் மாணவராக இருந்தபோதே. விடை தெரிந்துவிட்டது, காரணம் தெரியாமல் தூக்கம் வரவில்லை. புத்தகத்தைத் திறக்க மாட்டேன்.

பிப்ரவரி 21

அத்தை வந்திருந்தாள். "பி.எட். போட்டுரு பிள்ள, காலத்துக்கும் கவலயில்ல" என்றாள். அப்பா பேசவில்லை. அவள் போன பிறகு, "ஐஐடி கெடச்சா பவாய்லதான் தங்கணுமா? சயான்லேருந்து காஞ்சூர் மார்க் அஞ்சாவது ஸ்டேஷன்தானம்மா" என்றார். எப்போது எண்ணிப் பார்த்தார்?

பிப்ரவரி 24

நிரூபணம் வந்துவிட்டது! வீட்டில் கீழ்க் கார்கானாவின் தையல் மெஷின் ஓய்வதே இல்லை, அதனால் ராத்திரி வரை அப்யாசிகாவிலேயே (பொதுப் படிப்பறை) உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு f இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோமேயுடையது g. ஒரு விகிதமுறு எண்ணைச் சுற்றி, f அரைக்கும் குறைவாகவே மாறுகிற சின்ன மூடிய இடைவெளி ஒன்றை எடுக்கலாம். அதற்குள்ளே ஒரு விகிதமுறா எண், அதைச் சுற்றி g அரைக்கும் குறைவாக மாறுகிற இன்னும் சின்ன இடைவெளி. அதற்குள் மறுபடி விகிதமுறு எண், இப்போது f கால் அளவுக்குள். ஓரங்கள் ஒட்டாதபடி ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு புள்ளி மிஞ்சியே தீரும். அங்கே f, g இரண்டும் தொடர்ச்சி. g தொடர்ச்சி என்றால் அந்தப் புள்ளி விகிதமுறா எண். f தொடர்ச்சி என்றால் விகிதமுறு எண். இரண்டுமாக ஒரு எண் இருக்க முடியாது!

எஃப்.ஒய்.யில் (முதல் வருடம்) படித்த, ஒன்றுக்குள் ஒன்றான மூடிய இடைவெளிகளின் தேற்றம்தான், வேறொன்றுமே தேவைப்படவில்லை. எழுதி முடித்ததும் கை நடுங்கியது. யாரிடம் காட்டுவது?

பிப்ரவரி 27

சாருக்கு ஆஞ்சியோ செய்திருக்கிறார்களாம். ஆபீஸ் பியூன்தான் சொன்னார்.

மார்ச் 2

அடுத்த வருடம் எஃப்.ஒய். மேத்ஸுக்கு அட்மிஷன் இல்லை என்று பேச்சு. ஆள் சேரவில்லையாம். எங்கள் பெஞ்சுகளில் பி.எம்.எஸ். (மேனேஜ்மென்ட்) பிள்ளைகள் உட்காருவார்கள். கணக்குப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை இந்த வட்டாரத்தில் அடுத்த வருடமும் ஒன்றாவது இருக்கும். அது எங்கே போகும்?

கணிதர்கள் நரசிம்மனும் சேஷாத்ரியும் 1953-இல் லயோலாவில் படித்துவிட்டு இதே பம்பாய்க்கு வந்தவர்கள். அவர்கள் சேர்ந்த டாடா ஆராய்ச்சி நிலையம், டி.ஐ.எஃப்.ஆர்., அப்போது கேட்வே பக்கம் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. 1965-இல் அவர்கள் பெயரிலேயே ஒரு தேற்றம். அந்தத் தேற்றம் எனக்கு இன்னும் புரியாது. நரசிம்மன் பிறந்தது வட ஆற்காட்டில் தண்டரை என்ற கிராமம். சார் இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

மார்ச் 5

அந்த ஆப்ஷன் சி உண்டு. உறுதியாக உண்டு.

மார்ச் 8

இல்லை, அந்த செட் மூடியது என்று எங்கேயும் சொல்லவில்லையே.

மார்ச் 11

தண்ணீர் வரவில்லை. படிக்கவும் இல்லை. அம்மாவோடு சண்டை.

மார்ச் 13

சார் போன் செய்தார்! குரல் இறங்கியிருந்தது. உடம்பைப் பற்றிக் கேட்டேன், "அத விடு, வோல்டெரா என்னாச்சு?" என்றார். முழுவதையும் சொன்னேன். ஓரங்கள் ஒட்டாமல் எடுத்தாயா என்று மட்டும் கேட்டார். எடுத்தேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 1931-இல் முசோலினி ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து அதே வோல்டெரா பேராசிரியர் வேலையை இழந்த கதையைச் சொன்னார். மூச்சு வாங்கியது, வேண்டாம் சார் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

வைக்கும் முன் அடுத்த கேள்வி: எந்த ஃபங்ஷனானாலும் அது தொடர்ச்சியாக இருக்கும் புள்ளிகளின் கணம், எண்ணத்தக்க (1, 2, 3 என்று வரிசையிட முடிகிற) அளவு திறந்த கணங்களின் வெட்டுதான் என்று காட்டு.

மார்ச் 14

ஒரு புள்ளியைச் சுற்றி f 1/n-க்கும் குறைவாக மாறும் திறந்த இடைவெளி இருந்தால், அந்தப் புள்ளியை Un-இல் போடு. அந்த இடைவெளியிலுள்ள மற்ற புள்ளிகளும் Un-இல்தான். அதனால் Un திறந்தது. எல்லா Un-களையும் வெட்டினால்