பெரிய தாத்தாவுக்குத் திதி கிடைத்தது

ராமநாதபுரத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று இருபது வருடமாக ஊராருக்கு மனு எழுதித் தருகிறேன். எங்கள் வீட்டிலேயே ஒரு காகிதம் எண்பது வருடமாகத் தேடுவாரில்லாமல் கிடந்தது. அதைத் தேடி எடுத்த விதத்தை எழுதுகிறேன். ராணுவத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் உள்ள வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. யாருக்காவது உதவும்.

என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தார். விமானத்தில் வயர்லெஸ் பார்ப்பதும் துப்பாக்கி பிடிப்பதும் அவர் வேலை. 1943-ல், ஐப்பசி மாதம், வங்கக்கடல் மேல் ரோந்து போன விமானம் திரும்பவில்லை. ஐந்து பேர் போனார்கள். அவருக்கு வயது இருபத்திரண்டு, கல்யாணமாகவில்லை. தேவிபட்டினத்தை ஒட்டிய எங்கள் ஊருக்குத் தந்தி வந்தது. ‘காணவில்லை’ என்றுதான் இருந்தது, ‘இறந்தார்’ என்று இல்லை. ஆறேழு மாதம் கழித்து, இறந்ததாகக் கருதுகிறோம் என்று ஒரு கடிதம்.

பூட்டி, அதாவது தாத்தாவின் அம்மா, அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் காரியம் செய்வது என்று கேட்டாராம். அந்தக் காலத்தில் அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினா விமானம், கொழும்பைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைப் பார்த்து வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் கடலில் நீந்திப் பிழைத்து, ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். விமானி லியோனார்ட் பிர்ச்சால் போர் முடிந்த பிறகுதான் விடுதலையானார். அப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு என்பதால் பூட்டி சாகும்வரை எள்ளும் தண்ணீரும் இறைக்க விடவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு தாத்தா ஆடி அமாவாசையில் கொடுக்க ஆரம்பித்தார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் கதி. தாத்தாவுக்குப் பின் அப்பா. ஆனாலும் நவபாஷாணக் கரையில் அய்யர் “திதி என்ன?” என்று கேட்கும்போது ஒவ்வொரு வருடமும் அப்பா தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகும் வழியில் 29 பேரோடு காணாமல் போன விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகளை, சென்னையைச் சேர்ந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் படம் எடுத்துவிட்டது. அப்பா டிவியை அணைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏப்பா, அவ்வளவு ஆழத்துல கெடந்தது கெடச்சிருச்சு. எங்க பெரியப்பா போன நாளாச்சும் கெடைக்காதா?” என்றார். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. மறுநாள் காலை டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.

தந்தியில் தேதி இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் தின்றிருந்தது. தபால் முத்திரை மட்டும் தெரிந்தது. அது தந்தி வந்த நாள், விமானம் போன நாள் அல்ல. ஆனால் பெரிய தாத்தா எழுதிய ஒரு கடிதத்தின் உறையில், பின்பக்கம், அனுப்புநர் இடத்தில் அவருடைய படை எண் இருந்தது. பழைய காகிதத்தைப் புரட்டுகிறவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உறையை எறிந்துவிடாதீர்கள். எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது அந்த உறைதான்.

முதலில் இரண்டு தவறு செய்தேன். ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி நாலு மாதம் காத்திருந்தேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. இன்னொன்று, போர்க்கால ஆவணம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்பினேன். அவர் அனுப்பி வைத்தது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கக்கூடிய ஒரு பக்கம். அதைக் கண்டபோது பணம் போனதைவிட, இதே வலியோடு அவரிடம் போயிருக்கக்கூடிய மற்ற குடும்பங்களை நினைத்துத்தான் கோபம் வந்தது.

அந்த இலவசப் பக்கம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தினுடையது. சென்னை நந்தம்பாக்கத்தில் 850-க்கு மேற்பட்ட கல்லறைகளோடு போர் வீரர் மயானம் இருக்கிறதே, அதைப் பராமரிப்பவர்கள்தான். பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகப் பொறிப்பது 1917-ல் தொடங்கிய அந்த ஆணையத்தின் கொள்கை. கல்லறை இல்லாதவர்களுக்கு நினைவுச் சுவர். தெற்கு, கிழக்கு ஆசியப் பகுதியில் உடல் கிடைக்காமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கின்றன. அங்கே மொத்தம் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள்.

அதில் பெயரைப் போட்டுத் தேடினால் நம் ஆட்கள் கிடைப்பது கஷ்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் இருக்கிறது. எழுதிய குமாஸ்தா சிலருக்கு அப்பா பெயரை அங்கே போட்டிருப்பார், சிலருக்குச் சொந்தப் பெயரை. பெரிய தாத்தா பெயரில் ஒரு ‘ழ’ வேறு. ‘எல்’ போட்டுப் பார்த்தேன், ‘இசட்’ போட்டுப் பார்த்தேன், ‘ஆர்’ போட்டும் பார்த்தேன். பதினோரு விதம். கடைசியில் படை எண்ணை மட்டும் போட்டதும் ஒரே ஒரு வரி வந்தது. பூட்டனார் பெயர் குடும்பப் பெயராகவும், இவர் பெயர் வெறும் இனிஷியலாகவும் இருந்தது. பக்கத்தில் தேதி. பணியாற்றிய படைப்பிரிவு. கிராஞ்சியில் தூண் எண். கடையில் ஆள் இருந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

படைப்பிரிவின் எண்ணை இங்கே எழுதவில்லை. அவரோடு போன நாலு பேரின் குடும்பங்கள் எங்கோ இருக்கின்றன. அவர்கள் கதையை அவர்கள் சொல்லட்டும்.

தேதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் பார்க்கிற பெரியவர் வீட்டுப் பரணில் பழைய பாம்புப் பஞ்சாங்கங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சுபானு வருடத்ததை எடுத்து, தூசு தட்டி, ஐப்பசிப் பக்கத்தை விரித்தார். விரலை வைத்தார். எடுக்கவில்லை.

“தம்பி, அன்னிக்கு ரெண்டு திதி. தேய்பிறை தசமி பத்தேகால் நாழிகை வரைக்கும்தான். அப்புறம் ஏகாதசி. எத்தன மணிக்குப் போனாரு?”

நாழிகை என்றால் 24 நிமிடம். பத்தேகால் நாழிகைக்கு நாலு மணி ஆறு நிமிடம். அன்றைய சூரிய உதயம் ஆறு ஐந்து என்று கணக்கிட்டுச் சொன்னார். ஆக 10 மணி 11 நிமிடம் வரை தசமி. ஐம்பது ஆண்டு அமாவாசையில் கொடுத்தாயிற்று, இனி ஏதாவது ஒன்றில் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். “போதும்தான். ஆனா நீ இவ்வளவு தூரம் வந்துட்டியே” என்றார். அந்த வார்த்தை என்னை மறுபடி தேட வைத்தது.

பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும், அதாவது படைப்பிரிவும், தினப்படி பதிவேடு எழுதியது. ஆபரேஷன்ஸ் ரெக்கார்டு புக் என்று பெயர். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கின்றன. பெரிய தாத்தா இந்திய விமானப்படைக்காரர் என்றாலும் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒன்றோடு இணைக்கப்பட்டிருந்ததால் அந்த வரிசையிலேயே கிடைத்தது. இணையத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு நான் கட்டணமில்லாமல் இறக்கினேன். இரண்டு வகைப் படிவம் உண்டு. 540 என்பது நாட்குறிப்பு மாதிரி: மழை பெய்தது, அதிகாரி வந்தார், இத்தனை விமானம் தயார். 541-தான் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாகச் சொல்வது. நான் தெரியாமல் 540-ஐ இரண்டு இரவு படித்தேன். நேராக 541-க்குப் போங்கள்.

மூன்றாவது இரவு அந்தப் பக்கம் வந்தது. தட்டச்சு செய்த அட்டவணை. தேதி, விமான எண், ஆட்கள், வேலை, ஏறிய நேரம், இறங்கிய நேரம், விவரம். ஆட்கள் வரிசையில் நாலாவதாக அவர் பெயர், அங்கே ‘ழ’வுக்கு வேறொரு எழுத்து. ஏறிய நேரம் 06.40. மேலே உள்ள விமானத்துக்கும் கீழே உள்ள விமானத்துக்கும் இறங்கிய நேரம் எழுதியிருக்கிறது. நடுவில் இவர்கள் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. கோடுகூடப் போடவில்லை. வந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த மாதிரி.

விவரத்தில் மூன்று வரி. முதல் வெளிச்சத்தில் ரோந்துக்குக் கிளம்பியது. 10.52-க்கு வயர்லெஸ் செய்தி: ஒரு என்ஜின் நின்றுவிட்டது, உயரம் குறைகிறது, திரும்புகிறோம். அதன் பிறகு எதுவும் இல்லை. தேடப் போன இரண்டு விமானங்களும் ஒன்றும் காணவில்லை.

வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். அந்தச் செய்தியை அடித்தது அவர் கை. 10.52-க்குப் பெரிய தாத்தா உயிரோடு இருந்தார் என்பதற்கு அவரே சாட்சி.

10.52 என்றால் ஏகாதசி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகு 06.40 உறுத்தியது. ஐப்பசியில் கிழக்குக் கரையில் ஆறு நாற்பதுக்கு வெயிலே வந்திருக்கும், அது எப்படி முதல் வெளிச்சம்? எழுந்து தேடினேன். போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஆகவே 06.40 என்பது நம் கணக்கில் ஐந்து நாற்பது, கிழக்கு வெளுக்கிற நேரம். 10.52 என்பது 9.52. தசமி முடிய இன்னும் 19 நிமிடம் இருந்திருக்கிறது. 1942-க்கும் 1945-க்கும் நடுவில் உள்ள நேரத்தை வைத்துத் திதி பார்ப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்க மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தைப் பற்றி அப்பா, பெரியவர், நான் மூவரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். கடல் ரோந்து விமானம் தாழ்வாகத்தான் பறக்கும். ஒரு என்ஜின் நின்று, உயரமும் குறைந்துகொண்டே வந்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீரில் விழுந்த பிறகு ரப்பர் படகில் ஏறியிருந்தால்? அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் ஒன்று அப்போது ஊர் மேலே போனது. நாங்கள் மூவரும் சத்தம் அடங்கும்வரை பேசவில்லை.

பெரியவர்தான் முடித்து வைத்தார். “நமக்குச் சாட்சி தசமியில நிக்குது. அதத் தாண்டி யாரும் பாக்கல. தசமியே வையுங்க.”

2024 ஐப்பசி தேய்பிறை தசமி, தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால் வந்தது. விடியற்காலையில் தேவிபட்டினம் போனோம். வாடைக் காற்று ஆரம்பித்திருந்தது, தண்ணீர் கலங்கல். அய்யர் பெயர் கேட்டார், பூட்டனார் பெயர் கேட்டார், திதி கேட்டார். அப்பா நிமிர்ந்து, “ஐப்பசி தேய்பிறை தசமி” என்றார். பாதியில் நிறுத்தி, என்னிடம் அந்த 541-இன் ஜெராக்ஸைக் கேட்டார். மற்ற நாலு பேருக்கும் இறைக்கலாமா என்று அய்யரிடம் கேட்டார். பேர் சொல்ல முடிந்தால் போதும் என்றார் அவர். வெள்ளைக்காரப் பெயர்களை நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அப்பா தன் நாக்குக்கு வந்தபடி திருப்பிச் சொல்லி, நாலு தடவை எள்ளுத் தண்ணீர் விட்டார். தாளின் ஓரம் நனைந்துவிட்டது.

ஆணையத்தின் பதிவில் எங்கள் ஊர்ப் பெயர் தப்பாக இருக்கிறது. திருத்தக் கேட்டு, அந்த உறையையும் தந்தியையும் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சான்று சரியாக இருந்தால் திருத்துவார்கள். அப்பா புது தினசரி காலண்டர் வந்தவுடன் ஐப்பசியைப் புரட்டி, தேய்பிறை தசமித் தாளின் முனையை மடித்துவைத்துவிட்டார்.